மணலில் இருந்த அப்பா

அப்பாவின் எலும்பைக் கரைக்கப் போன அன்று ஆற்றில் தண்ணீர் இல்லை.

பங்குனி மாதம் அது. விருத்தாசலத்துக்காரர்களுக்கு மணிமுத்தாறு என்றால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, மேற்கே அணையையும் திறந்துவிட்டால் சில வாரங்கள் தண்ணீர் ஓடும். பிறகு அங்கங்கே குட்டையாகத் தேங்கி, பாசி பிடித்து, பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில் வற்றிவிடும். அதற்காக யாரும் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. ஆடு மேய்ப்பவர்கள் ஆற்றுக்குள் இறங்கி அக்கரைக்கு நடந்துபோவார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்தப் பங்குனியில், மாசி மகத்துக்கு வந்த கூட்டம் முன்னோர்களுக்குத் திதி கொடுத்துவிட்டுப் போட்டுப் போன வாழையிலைகள்கூட இன்னும் மணலில் சருகாகக் கிடந்தன. அந்தக் கூட்டத்தில் அப்பாவும் ஒருவராக இருந்திருக்கிறார். பெண்ணாடத்தில் ஆலை வேலைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பஸ்ஸைவிட்டுத் தானே இறங்கி நடந்தார் என்பதைத்தான் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏதோ அது அவர் செய்த பெரிய காரியம் போல.

எனக்குப் பத்து வயது. ஒரே பிள்ளை, அதுவும் பெண். சுடுகாட்டுக்கு என்னைக் கூட்டிப் போகவில்லை. கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். மறுநாள் காலையில் எலும்பு பொறுக்கப் போகும்போது நான் வாசலில் நின்று அழுததைப் பார்த்து மாமாதான் மனசு கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா அம்மாவின் தம்பி, கருவேப்பிலங்குறிச்சியில் விவசாயம். அவருக்கு ஒரு குணம் உண்டு. எதிரே யாராவது கலங்கி நின்றால் உடனே எதையாவது சொல்லிவிடுவார். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்கிற விஷயம்.

என்னைக் கரையில் ஒரு வேலிக்கருவை நிழலில் நிறுத்திவிட்டு அவர்கள் மணலில் இறங்கினார்கள். பாலத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, நாலு பேர் குனிந்து கையாலும் மண்வெட்டியாலும் பள்ளம் பறித்தார்கள். ஒரு ஆள் இடுப்பளவு இறங்கிய பிறகு அடியில் கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. அது ஒரு அண்டா அளவுக்குச் சேரும்வரை பீடி குடித்தபடி காத்திருந்தார்கள். பிறகு சின்ன மண்கலயத்தைக் கவிழ்த்தார்கள். பால் ஊற்றினார்கள், பூப் போட்டார்கள். பள்ளத்தை மூடிவிட்டு, யாரும் திரும்பிப் பார்க்காமல் கரையேறினார்கள்.

வரும் வழியில் மாமாவைக் கேட்டேன். “ஆத்துல தண்ணியே இல்லியே மாமா. அப்பா எப்படிப் போவாரு?”

மாமா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம், “ஐப்பசியில தண்ணி வரும் இல்ல? அதுவரைக்கும் அங்கதான் இருப்பாரு. தண்ணி வந்ததும் அப்படியே இழுத்துக்கிட்டுப் போயி கூடலையாத்தூருகிட்ட வெள்ளாத்துல வுட்டுரும். அங்கேருந்து பரங்கிப்பேட்டை. கடலு. சேர வேண்டிய எடத்துக்குச் சேந்துருவாரு” என்றார்.

அதுவரைக்கும் அங்கதான் இருப்பாரு. இந்த மூன்று வார்த்தையை மாமா அன்று சாப்பாட்டுக்கு உட்காரும்போதே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

கருமாதி முடிந்ததும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போயிட்டு வரேன் என்று கிளம்பினார்கள். வீட்டில் நானும் அம்மாவும் மிஞ்சினோம். ஒரு மாதத்துக்குள் அம்மா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த இடம்தான். பீங்கான் பொம்மை செய்கிற சின்னக் கம்பெனி. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மைகளில் பிளேடால் பிசிறு சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வைக்கிற வேலை. காலையில் எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்புவாள். முழங்கை வரைக்கும் வெள்ளையாக மண் படிந்திருக்கும். வீட்டுச் சாவி என் பையில் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னிடம் நல்லவர்களாகிவிட்டார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜன்னல் ஓரத்து இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். வீட்டுப் பாடம் எழுதாவிட்டால் டீச்சர் பேசாமல் அடுத்த பிள்ளையிடம் போனார். பாண்டி ஆடும்போது நான் கோட்டை மிதித்தாலும் யாரும் அவுட் என்று சொல்லவில்லை. அவுட்டே ஆகாத ஒருத்தியோடு எத்தனை நாள் விளையாட முடியும்? ஒரு வாரத்தில் அவர்கள் வேறு பக்கம் கோடு கிழித்துக்கொண்டார்கள்.

ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஆற்றுக்குப் போனேன். இடம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். பாலத்தின் கடைசித் தூணுக்கு முந்தின தூண். அதற்கு நேராக நின்று, கிழக்கே இருபத்திரண்டு எட்டு. பக்கத்தில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவேன். அப்பாவிடம் எதுவும் பேசியதாக நினைவில்லை. அவர் உயிரோடு இருந்தபோதும் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். அதே மாதிரி இதுவும் இருந்தது.

என்னை அங்கே ஏற்றுக்கொள்ளாதவை இரண்டு ஆட்காட்டிக் குருவிகள். நீளமான மஞ்சள் கால், கண்ணோரத்தில் சிவப்பு. நான் கரையிலிருந்து இறங்கும்போதே ஆளைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி கத்திக்கொண்டு தலைக்கு மேலே சுற்றும். ஏன் என்று சில நாள் கழித்துத் தெரிந்தது. என் இடத்திலிருந்து பத்தடி தள்ளிக் கூழாங்கற்களுக்கு நடுவில் நாலு முட்டைகள் இருந்தன. கூடு என்று எதுவும் கிடையாது. முட்டையும் கல் நிறத்தில், புள்ளி புள்ளியாக. மிதித்தால்தான் தெரியும். அதைப் பார்த்த பிறகு நான் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகப் பழகினேன். அப்படியும் அவை கத்துவதை நிறுத்தவில்லை. ஆனாலும் நான் வந்ததைக் கவனித்து ஊரில் யாரோ சத்தம் போடுகிறார்களே என்று இருந்தது எனக்கு.

அம்மாவையும் கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “அப்பாகிட்டப் போயிட்டு வரலாம் வாம்மா” என்றேன்.

அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “எனக்கு வேலை கெடக்குது” என்றாள். இன்னொரு தடவை கேட்டபோது, “அந்த ஆத்த நான் பாக்கறதா இல்ல” என்றாள். கடைத்தெருவுக்குப் போவதற்குப் பாலம்தான் குறுக்கு வழி என்றாலும் அவள் பாலத்தில் போகும்போது கீழே பார்க்காமல் நேரே பார்த்து வேகமாக நடப்பாள். அம்மாவுக்கு அப்பா மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவைத் தனியாக விடக்கூடாது என்கிற பொறுப்பு அதனால் எனக்கு இன்னும் கூடிவிட்டது.

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டார்கள். காலையிலேயே ஆற்றுக்குப் போக ஆரம்பித்தேன். மணல் வண்டிகளை அப்போதுதான் பார்த்தேன். நாலைந்து மாட்டு வண்டிகள் விடியற்காலையில் இறங்கி மணல் ஏற்றிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் போய்விடும். முதலில் தூரத்தில், மேற்கே இருந்தார்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் வந்தார்கள். ஒரு நாள் நான் போனபோது ஒரு வண்டி சரியாகக் கடைசித் தூணுக்கு முந்தின தூண் அருகே நின்றது. வண்டிக்காரர் மண்வெட்டியோடு இறங்கி இடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“என்னா பாப்பா, இங்க குந்திக்கிட்ட? அந்தாண்ட போ, மண்ணு வாரணும்.”

“இங்க வாராதீங்கண்ணே.”

“ஏன்?”

“எங்க அப்பா இருக்காரு.”

அவருக்கு முதலில் புரியவில்லை. சுற்றுமுற்றும் ஆளைத் தேடினார். பிறகு சுடுகாட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். வண்டியைத் திருப்பி அக்கரை ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார். மாடுகள் மணலில் திரும்ப முடியாமல் திணறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு எந்த வண்டியும் என் பக்கம் வரவில்லை. தூரத்திலிருந்தே அவர்கள் என்னைக் கைகாட்டி ஏதோ பேசிக்கொள்வார்கள்.

பத்து நாள் கழித்து அவரே நடந்து வந்தார். வண்டி இல்லை.

“பாப்பா, நாங்க எடுக்க மாட்டோம். ஆனா நாளைக்கோ நாளான்னைக்கோ டிராக்டருங்க எறங்கப் போவுதுன்னு பேசிக்கறாங்க. மெசினு வச்சி வாருவானுங்க. அவனுங்களுக்கு யார் இருக்காங்க எவர் இருக்காங்கன்னு ஒண்ணும் கெடையாது. நாங்களே இனிமே வர முடியுமோ என்னமோ. உங்க வூட்டு ஆளுங்க யாரயாச்சும் வந்து என்னா செய்யணுமோ செய்யச் சொல்லு.”

மறுநாள் ஞாயிறு. மாமா வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்திருந்தார். அம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தபடி கேட்டார். கேட்கக் கேட்க மெல்லுவது நின்றுவிட்டது. நான் தினமும் எங்கே போகிறேன் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். முகம் ஒரு மாதிரி ஆகி, “டிராக்டர்காரன் எனக்குத் தெரிஞ்ச ஆளுதான். நான் சொல்லிடறேன். நீ வெயில்ல அங்கெல்லாம் போவாத” என்றார். எந்த டிராக்டர்காரன், எந்த ஊர் என்று நான் கேட்டேன். மாமா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை டிராக்டர் வந்தது.

நான் கரையில் ஏறி நின்று பார்த்தபோது மஞ்சள் இயந்திரம் ஒன்று பாலத்துக்குக் கிழக்கே கையை நீட்டி மணலை அள்ளிக்கொண்டிருந்தது. மூன்று டிராக்டர்கள் வரிசையில் நின்றன. ஆட்காட்டிகள் இரண்டும் அந்த இயந்திரத்தின் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு அது கேட்டிருக்காது. எனக்கே கேட்கவில்லை. அலகு திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. முட்டைகள் இருந்த இடம் பள்ளமாகிவிட்டது. என் இடத்தில் பாதி பள்ளம், பாதி அப்படியே இருப்பது போல எனக்குத் தோன்றியது. தூணிலிருந்து எண்ணிப் பார்க்கலாம் என்றால் நடப்பதற்குத் தரை இல்லை.

மதியம் அவர்கள் சாப்பிடப் போனார்கள். வீட்டுக்கு ஓடினேன். என் டிபன் பாக்ஸையும் தோசைக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அம்மாவின் கம்பெனிக்குப் போய்ச் சொல்லலாம் என்று தோன்றவில்லை. அவள்தான் ஆற்றைப் பார்க்கவே மாட்டேன் என்றாளே.

பள்ளத்தின் ஓரமாக உட்கார்ந்து தோண்டினேன். மேலே சுடுகிற மணல், ஒரு சாண் போனதும் ஈரம், அப்புறம் குளிர்ச்சி. தோண்டிய குழியைப் பக்கத்து மணல் சரிந்து மூடிக்கொண்டே இருந்தது. கரண்டியை விட்டுவிட்டுக் கையால் வாரினேன். ஒரு காய்ந்த மாலையின் நார் வந்தது. கலயத்தின் ஓடு ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் சரியான இடம்தான் என்று இன்னும் வேகமாக வாரினேன். பிறகு வெள்ளையாக ஒன்று. என் சுண்டுவிரல் நீளம், உள்ளே துளை, சாக்பீஸ் போல இருந்தது. கொஞ்சம் கீழே இன்னொன்று, ஒரு பக்கம் உருண்டையாக. அப்புறம் தட்டையாக இரண்டு மூன்று. மொத்தம் ஏழு கிடைத்தது. எட்டாவதைத் தேடும்போது டிராக்டர் சத்தம் கேட்டுவிட்டது.

பயமாக இல்லை. அதுதான் ஆச்சரியம். எலும்பு என்றால் பயப்படுகிற பிள்ளை நான். அந்த ஏழையும் பாவாடை ஓரத்தால் மணல் போகத் துடைத்து டிபன் பாக்ஸில் வைத்து மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அப்பா இவ்வளவு லேசாக இருப்பார் என்று நினைக்கவில்லை.

சாயங்காலம் அம்மா வந்ததும் பாக்ஸை அவள் முன்னால் வைத்து, “அப்பாவ எடுத்துக்கிட்டு வந்துட்டேன்” என்றேன்.

அம்மா நின்றவாக்கில் இருந்தாள். என் நகக்கண்ணெல்லாம் மணலாக, முழங்கால் சிராய்த்து இருந்ததைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். நான் டிராக்டரைப் பற்றியும் வண்டிக்காரர் சொன்னதைப் பற்றியும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மூடியைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. திறந்து, ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவளுடைய கட்டை விரல் அதன் மேல் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் போனது. திருப்பி வைத்து மறுபடி ஒரு தரம் தடவினாள். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஏழையும் அப்படியே. அவள் அப்பாவைத் தடவிக்கொடுப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோபம் போய்விட்டது என்று நினைத்தேன்.

“யாராச்சும் பாத்தாங்களா?” என்றாள்.

“இல்லம்மா.”

“தோண்டின எடத்துல வேற எதுவும் இல்லியா?”

“டிராக்டர் வந்துடுச்சும்மா. மீதியத்தான் எடுக்க முடியல.”

அம்மா எழுந்து உள்ளே போனாள். பிறகு மஞ்சளில் நனைத்த ஒரு துணியைக் கொண்டு வந்து ஏழையும் கொட்டி முடிந்தாள். எலும்பை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று பின்பக்கத்து வேப்பமரத்தில், என் கைக்கு எட்டாத கிளையில் கட்டினாள். எலும்பைத் தொட்டால் தலை முழுக வேண்டும் என்று என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய் நாலு குடம் ஊற்றினாள். அப்புறம் அவளும் கட்டின புடவையோடு ஊற்றிக்கொண்டாள். ஈரத் தலையோடு என்னைப் பார்த்து, “மாமாகிட்ட சொல்ல வேணாம்” என்றாள். மாமாதான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையே, அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் ஆற்றுக்குப் போகவில்லை. போவதற்கு அங்கே எதுவும் இல்லை. சாயங்காலம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன்.

ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாவது நாள் காலையில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் பேச்சு. அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. மரத்திலிருந்து மூட்டையை அவிழ்த்து என் கையில் கொடுத்து, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாலத்தில் பாதி ஊர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர். முள்செடிகளையும் பிளாஸ்டிக்கையும் ஒரு செத்த ஆட்டையும் உருட்டிக்கொண்டு தூண்களில் மோதி ஓடியது. டிராக்டர் தோண்டின பள்ளங்களின் மேல் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. அம்மா முதல் தடவையாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள்.

“கடலுக்குப் போக எத்தினி நாளு ஆவும்?” என்று கேட்டேன்.

“ரெண்டு நாளு ஆவும்.”

“முழுகிடாதா?”

“முழுகினா என்னா. அடியிலயே உருண்டு போயிடும்.”

ஒவ்வொன்றாக நான் போட்டேன். ஏழாவதை அம்மா என் கையிலிருந்து வாங்கித் தானே போட்டாள். போட்ட கை அப்படியே சுவருக்கு வெளியே நீட்டியபடி இருந்தது. பிறகு அவள் அழுதாள். அப்பா செத்த அன்று எப்படி அழுதாளோ அதைவிட மோசமாக, குடை கைவிட்டுப் போனதுகூடத் தெரியாமல் அழுதாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விலகி இடம்விட்டார்கள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, அப்பா போய்விட்டார் இல்லையா, அதனால்தான் அழுகிறாள் என்று பொறுமையாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு பெரிய வேலையை முடித்த நிம்மதிதான் இருந்தது.

ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று அம்மாவின் கம்பெனிக்கே வேலைக்குப் போனேன். அம்மாவுக்குப் பக்கத்து மணையில் என்னை உட்காரவைத்தார்கள். இரண்டு பாதி அச்சும் சேர்கிற இடத்தில் பொம்மையின் மேல் மெல்லிசாக ஒரு கோடு விழுந்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு, போய்விட்டதா என்று கட்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். இரண்டாவது வாரம், சூளையில் ஒரு தரம் சுட்டு, இன்னும் மெருகு பூசாத பொம்மைத் தட்டு ஒன்றை நகர்த்தும்போது கைதவறி ஒரு பொம்மையைக் கீழே போட்டுவிட்டேன். கிருஷ்ணன் பொம்மை. பொறுக்கக் குனிந்தேன். புல்லாங்குழல் பிடித்த கை தனியாக உடைந்து கிடந்தது. சுண்டுவிரல் நீளம், உள்ளே துளை, சாக்பீஸ் வெள்ளை. எடுத்தபோது என் கட்டை விரல் தானாகவே அதன் மேல் போனது. சுரண்டியும் சரியாகப் போகாத கோடு, முனையிலிருந்து முனை வரைக்கும், விரலில் தட்டியது.

உடைந்த சாமான்களைச் சாக்கில் கட்டி ஆற்றோரம் கொட்டுவது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம் அல்ல. எத்தனை வருஷத்து வெள்ளம் அவற்றை உருட்டி மணலுக்குள் இறக்கியிருக்கிறதோ. நான் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் வேலையில் இருந்தாள். சத்தம் கேட்டும் நிமிராமல், “உடஞ்சத அந்தக் கூடையில போட்டுட்டு வா” என்றாள். போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்றும் கேட்கவில்லை, இன்று வரையிலும் கேட்கவில்லை. நான் இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறேன். வாரம் ஒருமுறை போனில் பேசுகிறோம். எவ்வளவோ பேசுகிறோம்.

முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, என் மனசு உடையக் கூடாது என்று ஒரு பெண்பிள்ளைக்காக அம்மா அவ்வளவு தூரம் நடித்தாளே, பொம்மைத் துண்டுக்காகத் தலை முழுகினாளே என்று நெகிழ்ந்து போயிருந்தேன். பல வருஷம் அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த ஏழும் அப்பா இல்லை என்றால் அப்பா எங்கே போனார் என்ற கேள்வி எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. அம்மாவுக்கு அது விரல் கோட்டைத் தொட்ட அந்தக் கணமே வந்திருக்கும். முதல் துண்டிலேயே வந்திருக்கும். மீதி ஆறையும் அவள் எதற்காக ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்?

அந்த ஏழையும் ஆற்றில் போட்ட வருஷம், தை மாதத்தில் எங்கள் தெருமுனையில் ஒருவர் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். ரோட்டோரம் டிராக்டரில் வந்த ஆற்று மணலைக் குவித்திருந்தார்கள். இரண்டு பெண்கள் அதைச் சல்லடையில் போட்டுச் சலித்து, நின்ற கல்லையும் கிளிஞ்சலையும் ஒரு பக்கம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் போய்விட்டு வரும்போது அம்மா அங்கே நின்றாள். நானும் நின்றேன். சலித்துக் கொட்டிய குவியல் அருகே போய், குனிந்து, கையை வைத்துப் பார்த்தாள். மேஸ்திரி, “என்னாம்மா வேணும்?” என்றார். “ஒண்ணும் இல்லீங்க” என்றாள். ஆனாலும் நகரவில்லை. பூசின சுவர்களை, எழும்பிக்கொண்டிருந்த மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு தெருக்களிலும் அவள் அப்படி நின்றதுண்டு.

எனக்குப் பாவமாக இருந்தது. வாடகை வீட்டில் இருக்கிறோமே என்று ஏங்குகிறாள் போல என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்து, “நான் பெரிய வேலைக்குப் போயி நமக்கும் இந்த மாதிரி ஒரு வூடு கட்டறேம்மா” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “கட்டு” என்று சொல்லிவிட்டு, மணல் ஒட்டியிருந்த கையைத் தட்டாமல் மூடிக்கொண்டு என்னோடு நடந்து வந்தாள்.